சென்னையில் சாமான்களோடு வாடகை வீடு: 25,000 ரூபாய்க்குள் எப்படிப் பிடிப்பது?

கேள்வியின் சுருக்கம்: சோழிங்கநல்லூரில் வேலை. கணவன், மனைவி இருவர் மட்டும். பதினொரு மாதமாவது சென்னையில் இருக்க வேண்டும். கட்டில், பிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி உள்ள வீடு மாதம் 25,000-க்குள் வேண்டும். ஆன்லைனில் கண்ணில் படுவதெல்லாம் அதற்கு மேல். எப்படித் தேடுவது, எங்கே ஏமாறுவோம்?

வீடு பார்க்கக் கிளம்பும் முன் ஒரு கணக்கு. ஒரே அடுக்ககத்தில் கப்போர்டும் பேனும் கீசரும் மட்டும் உள்ள வீடு 20,000 என்றும், எல்லாச் சாமானும் உள்ள வீடு 30,000 என்றும் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 10,000. பதினொரு மாதத்துக்கு 1,10,000. ஒன்றரை டன் ஏசி, ஒற்றைக் கதவு பிரிட்ஜ், செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின், மெத்தையோடு ஒரு கட்டில், இந்த நான்கையும் சுமாரான விலையில் புதிதாகவே வாங்கினாலும் 90,000 சொச்சத்தில் முடித்துவிடலாம். காலி செய்யும்போது அவை உங்களுடையவை. விற்றால் பாதியாவது திரும்பி வரும். ஆகவே கேட்க வேண்டியது, வித்தியாசத்தை எத்தனை மாதத்தால் பெருக்குகிறீர்கள் என்பது. ஆறு மாதத்துக்குள் கிளம்புவதாக இருந்தால் முழு பர்னிஷ்டு லாபம். பத்து மாதம் தாண்டினால் பெரும்பாலும் நஷ்டம். இரண்டு மூன்று மாதம்தான் என்றால் வீடே எடுக்காதீர்கள், சர்வீஸ் அபார்ட்மென்ட் போதும். அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், ஏற்றுக்கூலி மூன்றும் மிச்சம்.

உங்கள் பதினொரு மாதத்துக்கு மூன்று வழிகள் உண்டு, மலிவான வரிசையில்.

முதல் வழி, காலி செய்து போகிறவரைப் பிடிப்பது. வேலை மாற்றலாகி ஊரை விட்டுப் போகிறவர் பிரிட்ஜையும் கட்டிலையும் என்ன செய்வது என்று தவிப்பார். வீட்டை உரிமையாளரிடம் சாதாரண வாடகைக்கு எடுத்துக்கொண்டு, சாமான்களை அவரிடம் மொத்தமாக விலை பேசுங்கள். ஏசியைக் கழற்றி, மாட்டி, கேஸ் நிரப்பும் செலவு இருவருக்கும் மிச்சம் என்பதால் விலை நன்றாக இறங்கும். இந்த விளம்பரங்கள் வீட்டுத் தளங்களைவிட அலுவலகத்தின் உள் அறிவிப்புப் பலகையிலும், அடுக்ககங்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும், பேஸ்புக் குழுக்களிலும்தான் முதலில் வரும்.

இரண்டாவது, பாதி வசதியுள்ள வீட்டின் உரிமையாளரிடம் பேரம். 'ஒரு ஏசி வாங்கிப் போட்டுவிடுங்கள், வாடகையில் 1,500 கூட்டிக்கொள்ளுங்கள்' என்று கேட்டால், இரண்டு மாதமாக வீடு காலியாகக் கிடக்கும் உரிமையாளர் பலர் ஒப்புக்கொள்வார்கள். அவருக்குப் பொருள் நிற்கிறது, வாடகையும் ஏறுகிறது. மீதியை ரென்டோமோஜோ, ஃபர்லென்கோ போன்ற நிறுவனங்களிடம் மாத வாடகைக்கு எடுக்கலாம். அங்கே கவனிக்க வேண்டியது, நீண்ட காலத்துக்குப் பதிவு செய்தால் மாத வாடகை குறையும், ஆனால் இடையில் திருப்பிக் கொடுத்தால் அந்தக் குறைப்பைத் திரும்ப வசூலிக்கும் விதி இருக்கிறதா என்பது. உங்கள் வீட்டு ஒப்பந்தக் காலமும் சாமான் ஒப்பந்தக் காலமும் ஒரே நாளில் முடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் முழு பர்னிஷ்டு வீடு. இதிலும் மலிவாகக் கிடைப்பது ஒரு வகை: தாங்கள் குடியிருக்க ஆசையாகச் செய்து வைத்துவிட்டு வெளிநாடு போனவர்களின் வீடு. அவர்களுக்கு வாடகையைவிட வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் ஆள் முக்கியம். குழந்தையில்லாத இருவர் என்றால் பேரத்துக்கு இடமுண்டு. (கல்யாணமாகாதவர்களுக்கும் அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் கதவு சாத்தப்படுவது இன்னும் இருக்கிறது. முதல் போனிலேயே கேட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம்.) இத்தகைய வீடுகளில் வரிச் சிக்கல் ஒன்று உண்டு, கீழே சொல்கிறேன்.

தேடும்போது நோபுரோக்கர், மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ், ஹவுசிங் தளங்களில் 'முழு பர்னிஷ்டு' என்று மட்டும் வடிகட்டாதீர்கள். எதை எப்படிக் குறிப்பது என்பதற்கு விதி ஏதும் இல்லை. டிவி இல்லாததால் செமி என்று போடும் நேர்மையானவரும் உண்டு, ஒரு சோபாவைப் போட்டுவிட்டு முழு பர்னிஷ்டு என்பவரும் உண்டு. புகைப்படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் பழைய விளம்பரம் என்றால் ஒன்று வீடு போய்விட்டது, அல்லது விலை குறையப் போகிறது. தளங்களுக்கு வராத வீடுகளுக்கு வழி வாட்ச்மேன்தான். பெரிய கேட்டட் அடுக்ககத்தில் எந்த வீடு எப்போது காலியாகிறது என்பது செக்யூரிட்டிக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு அடுக்ககங்களில் விசாரித்தாலே ஒரு பட்டியல் சேர்ந்துவிடும். புரோக்கர் வழியாகப் போனால் ஒரு மாத வாடகை கமிஷன் என்பது வழக்கம். அதைப் பதினொன்றால் வகுத்து வாடகையோடு கூட்டிப் பாருங்கள்.

காலமும் விலையில் விளையாடும். பள்ளி, கல்லூரி திறக்கும் மே, ஜூனில் பேரம் நடக்காது. ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச மாட்டார்கள் என்பதால் வீடு காலியாக நிற்கும். உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லையென்றால் அந்த மாதத்திலேயே குடிபோக முன்வந்து வாடகையைக் குறைக்கச் சொல்லலாம். நம்பிக்கை இருந்தால் ஆடியில் பேசி முடித்து, ஆவணி முதல் தேதியிலிருந்து வாடகை என்று எழுதிக்கொள்ளலாம்.

இடம். சோழிங்கநல்லூர் சந்திப்பை ஒட்டிய கேட்டட் அடுக்ககங்களில் 25,000-க்குள் கிடைப்பது கஷ்டம். மேற்கே மேடவாக்கம் சாலையில் பெரும்பாக்கம், மேடவாக்கம். தெற்கே செம்மஞ்சேரி, நாவலூர், தாழம்பூர், படூர், கேளம்பாக்கம் என்று தள்ளத் தள்ள விலை இறங்கும். இரண்டு பக்கமும் மெட்ரோ ரயில் தடங்கள் வருகின்றன: ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) மாதவரம்–சிறுசேரி சிப்காட், மேடவாக்கம் வழியாக மாதவரம்–சோழிங்கநல்லூர். கட்டுமானம் நடக்கும் பகுதிகளில் வரைபடம் மதியம் காட்டும் பயண நேரத்தை நம்பாதீர்கள். ஒரு வேலை நாளில் காலை எட்டரைக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பிப் பாருங்கள். 3,000 ரூபாய் வாடகையில் மிச்சம் பிடித்து அதை ஆட்டோவுக்குக் கொடுப்பதில் என்ன லாபம்?

வெள்ளத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், செம்மஞ்சேரி பகுதிகள் சதுப்புநிலத்தையும் ஏரிகளையும் ஒட்டியவை; 2015-லும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் இங்கே பல தெருக்களில் தண்ணீர் நின்றது. உரிமையாளரும் புரோக்கரும் 'இந்தத் தெருவுக்கு வராது' என்றே சொல்வார்கள். தரைத்தளமாக இருந்தால் சாமான்களைக் கேளுங்கள், அவை பொய் சொல்லாது: கப்போர்டு, கட்டில், டிவி ஸ்டாண்டு இவற்றின் அடிப்பலகை ஊதி, லேமினேட் பிரிந்திருந்தால் அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது. பெட்டிக்கடைக்காரரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் '2023-இல் எதுவரை வந்தது' என்று கேளுங்கள். 'வந்ததா' என்று கேட்டால் 'இல்லை' என்று முடித்துவிடுவார்கள். மேல் மாடி என்றாலும் வண்டி நிற்கும் இடமும் மின் இணைப்புப் பெட்டியும் கீழேதான் இருக்கின்றன.

தண்ணீருக்கு வருவோம். ஓஎம்ஆர் பக்கம் பல அடுக்ககங்கள் போர் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கின்றன. லாரிச் செலவு மெயின்டனன்ஸில் அடக்கமா, கோடையில் தனியாகப் பிரிப்பார்களா என்று சங்கத்தில் கேளுங்கள், உரிமையாளரிடம் அல்ல. போர் தண்ணீரில் உப்பு அதிகம் இருந்தால் ஷவர் துளைகளிலும் குழாய் முனையிலும் வெள்ளைப் படிவு கட்டியிருக்கும். அதே படிவு கீசர் காயிலிலும் வாஷிங் மெஷினுக்குள்ளும் இருக்கும். அவை பழுதாவதற்கு முக்கியக் காரணம் அதுதான். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், எடுத்துப் போங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தரநிலை. 1,500 காட்டும் வீட்டில் ஆர்ஓ மெஷின் சாமான் பட்டியலில் இருக்கிறதா, பில்டர் மாற்றும் செலவு யாருடையது என்று பேசியாக வேண்டும்.

கரண்ட் பில் பலரும் கணக்கில் விடும் இடம். வீட்டுக்குத் தனி ஈபி மீட்டர் இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியான கட்டணம். 300 யூனிட் வந்தால் ஏறக்குறைய 700 ரூபாய். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று ஒரே விலையில் வாங்கும் வீட்டில் அதே 300 யூனிட்டுக்கு 2,400. மாடிப் போர்ஷன்களிலும் தனி வீடுகளிலும் இது சகஜம். தனி மீட்டராகவே இருந்தாலும் பழைய ஏசி கவிழ்க்கும். மணிக்குச் சராசரி ஒரு யூனிட் என்று வைத்தாலும் எட்டு மணி நேரம், அறுபது இரவு, 480 யூனிட். பிரிட்ஜும் கீசரும் சேர்ந்தால் 500 தாண்டிவிடும், தாண்டியதும் கட்டணம் எகிறும். ஏசியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் தயாரிப்பு ஆண்டும் நட்சத்திர எண்ணிக்கையும் இருக்கும். பத்து வருடப் பழசு என்றால் வாடகையில் பேரம் பேச அதுவே காரணம். மின் இணைப்பின் சர்வீஸ் நம்பரை வாங்கி முந்தைய பில்களையும், பாக்கி ஏதும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வீட்டைப் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள், பகலில். உள்ளே போனவுடன் ஏசி, கீசர், பிரிட்ஜ் மூன்றையும் போட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். இருபது நிமிடத்தில் ஏசி அறையைக் குளிர்வித்திருக்க வேண்டும். உள் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டக் கூடாது. இரண்டு ஏசியும் கீசரும் ஒன்றாக ஓடும்போது டிரிப் ஆனால் வயரிங் அல்லது இணைப்புப் போதவில்லை. பிரிட்ஜ் கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள், எளிதாக வந்தால் ரப்பர் போய்விட்டது. வாஷிங் மெஷினைக் குறைந்தது ஸ்பின் வரை ஓடவிடுங்கள். மெத்தையைத் தூக்கி அதன் தையல் ஓரத்தையும் கட்டிலின் மூட்டு இடுக்குகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. வாடகை எவ்வளவு குறைவானாலும் அந்த வீடு வேண்டாம். கப்போர்டைத் திறந்து முகர்ந்து பாருங்கள்: பூஞ்சை வாசம் வந்தால் பின்சுவரில் ஈரம் இறங்குகிறது. மேல்தளத்திலும் மேற்குச் சுவரிலும் இது அதிகம்.

அடுப்பு இருக்கும், சிலிண்டர் இருக்காது. அல்லது உரிமையாளர் பெயரில் இருக்கும் இணைப்பின் ஓடிபி அவர் போனுக்கு, கடல் கடந்து போகும். புது முகவரிச் சான்று தயாராகும்வரை 5 கிலோ சிலிண்டர் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு அடையாள அட்டை போதும், முகவரிச் சான்று கேட்பதில்லை. இன்டக்ஷன் அடுப்பு என்றால் சமையலறையில் பெரிய பிளக் பாயின்ட் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். இன்டர்நெட்டும் அப்படித்தான்: சில அடுக்ககங்களில் ஒரே நிறுவனத்துக்குத்தான் அனுமதி.

மோசடிகள் இரண்டு வகை. ஒன்று சின்னது: ராணுவத்திலோ துணை ராணுவத்திலோ இருப்பதாகச் சொல்லும் 'உரிமையாளர்', வீட்டைக் காட்ட கேட் பாஸ் கட்டணம் அல்லது டோக்கன் கேட்பார், பிறகு 'பணத்தைத் திருப்பி அனுப்ப' க்யூஆர் கோடு அனுப்புவார். யுபிஐயில் பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையே இல்லை. வீட்டுக்குள் நிற்காமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். இன்னொன்று பெரியது: இடைத்தரகர் ஒருவர் உரிமையாளரிடம் மாத வாடகைக்கு எடுத்து, அதையே உங்களிடம் சில லட்சங்களுக்கு லீசு என்று கொடுப்பார். சில மாதம் வாடகை கட்டிவிட்டு மறைந்துவிடுவார். உரிமையாளர் வாசலில் வந்து நிற்கும்போதுதான் விஷயம் தெரியும். சாமான்களோடு, வாடகையே இல்லாமல் லீசு என்று வரும் எதையும் உரிமையாளரை நேரிலோ வீடியோவிலோ பார்க்காமல் தொடாதீர்கள். ஈபி பில், சொத்து வரி ரசீது, அவரது அடையாள அட்டை மூன்றிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். சந்தேகம் இருந்தால் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். வேறொருவர் கையெழுத்திடுகிறார் என்றால் பவர் பத்திரத்தின் நகல் வேண்டும். பணம் போவது உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. 'வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால்' என்பதால் ஐந்து, ஆறு மாதம் கேட்பது நிற்கவில்லை, ஆனால் பேரத்தில் இதைச் சொல்லலாம். 1,50,000 அட்வான்ஸ் என்றால் அதை வங்கியில் போட்டு வரும் வட்டி, 7 சதவீதமானால், மாதம் 875 ரூபாய். அதுவும் வாடகைதான். ஒப்பந்தம் பதினொரு மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். 'பதினொரு மாதம்தானே, பதிவு வேண்டாம்' என்பது பழைய பழக்கம்.

சாமான் உள்ள வீட்டுக்கு இந்தச் சட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. பழுதுகளை யார் பார்ப்பது என்று இணைப்புப் பட்டியல் ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் எதுவும் சொல்லாவிட்டால் அதுதான் செல்லும். அதன்படி கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுதல், வயரிங் உரிமையாளருக்கு; கீசர் பழுது, சுவிட்ச், பிளக், மின்சாதனப் பழுது, பூட்டு, கைப்பிடி எல்லாம் வாடகைதாரருக்கு. எட்டு வருடப் பழைய கீசர் நீங்கள் வந்த மூன்றாம் வாரம் செத்தாலும் செலவு உங்கள் தலையில். ஆகவே ஒப்பந்தத்தில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: 'பட்டியலில் உள்ள சாதனங்களில் 1,000 ரூபாய் வரையிலான பழுது வாடகைதாரர் செலவு, அதற்கு மேற்பட்ட பழுதும், காயில், கம்ப்ரசர், மோட்டார் மாற்றமும் உரிமையாளர் செலவு, தகவல் சொன்ன ஐந்து நாளில் சரிசெய்யாவிட்டால் வாடகைதாரர் செய்து ரசீது காட்டி வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.' ஏசி சர்வீஸ் வருடத்துக்கு எத்தனை முறை, யார் செலவு என்பதையும் ஒரு வரியில் சேருங்கள்.

அந்தச் சாமான் பட்டியல்தான் உங்கள் அட்வான்ஸின் காவல். 'கட்டில் 1, ஏசி 1' என்று எழுதினால் பயனில்லை. ஒவ்வொன்றுக்கும் கம்பெனி, மாடல், சீரியல் நம்பர், வாங்கிய ஆண்டு, இப்போதுள்ள கீறல் அல்லது குறை, இன்றைய மதிப்பு. கடைசியாகச் சொன்ன மதிப்பு இல்லாவிட்டால் ஏழு வருட சோபா கிழிந்ததற்குப் புது சோபா விலையைப் பிடிப்பார்கள். 'இயல்பான தேய்மானத்துக்குப் பிடித்தம் இல்லை' என்று அடியில் எழுதி, எல்லாப் பக்கத்திலும் இருவரும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தோடு இணையுங்கள். சாவி வாங்கும் அன்றே வீடு முழுவதும் ஒரே வீடியோவாக எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், தேதி தானாகப் பதிவாகிவிடும். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது சென்னையில் ஊறிப்போன வழக்கம். வெள்ளையடிப்பு சட்டப் பட்டியலில் உரிமையாளர் பொறுப்பு. நீங்கள் சேதப்படுத்தினால் மட்டும் உங்களுடையது. இதைச் சேரும்போது பேசுங்கள், காலி செய்யும்போது பேசி ஜெயிக்க முடியாது.

வரி விஷயம். உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், வாடகை எவ்வளவு சிறியதானாலும், வரி பிடித்து அரசுக்குக் கட்டும் பொறுப்பு வாடகை தருபவருடையது, பொதுவாக 31.2 சதவீதம். அதற்கு வரி பிடிப்பவருக்கான டான் எண் வேண்டும், படிவம் தாக்கல் செய்ய வேண்டும். உரிமையாளர் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் வாங்கித் தரலாம். 'எல்லோரும் முழு வாடகைதான் அனுப்புகிறார்கள்' என்பார். கேள்வி வந்தால் உங்களுக்குத்தான் வரும், எனவே ஒப்பந்தத்துக்கு முன் ஓர் ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள். உள்நாட்டில் இருப்பவரென்றால் மாத வாடகை 50,000 தாண்டினால்தான் பிடித்தம், அது உங்களுக்கு இல்லை. பழைய வரி முறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்பதாக இருந்தால், வருட வாடகை ஒரு லட்சம் தாண்டும்போது உரிமையாளரின் பான் எண் வேண்டும். தர மாட்டேன் என்பவரும் உண்டு, முன்கூட்டியே கேளுங்கள்.

காலி செய்யும் நோட்டீஸ் இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டாம். 'ஆறு மாதத்துக்குள் காலி செய்தால் அட்வான்ஸ் முழுதும் போகும்' என்ற வரி இருந்தால், ஒரு மாத வாடகை மட்டும் என்று மாற்றச் சொல்லுங்கள். கடைசி நாளில் அதே பட்டியலைக் கையில் வைத்து இருவரும் சேர்ந்து ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்து, மீட்டர் ரீடிங்கைப் படமெடுத்து, 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள். பிடித்தம் போக மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். வங்கிக் கணக்கு எண்ணையும் அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.